பிரதம மந்திரி என்ற பெயர்

1938-ஆம் வருஷத்துத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றை இன்றைய இளைஞர் எடுத்துப் புரட்டுவாரானால், 'பிரதம மந்திரி ராஜகோபாலாச்சாரியார்' என்ற சொற்றொடரைக் கண்டு சற்றுத் திகைத்துத்தான் போவார். ராஜாஜி மேற்கு வங்கத்தின் கவர்னராக இருந்தார், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார், மத்திய சர்க்காரில் உள்நாட்டு மந்திரியாக இருந்தார், 1952 முதல் 1954 வரையில் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாகவும் இருந்தார் என்பதெல்லாம் அவர் பாடப் புத்தகத்தில் படித்திருப்பார்; ஆனால் பிரதம மந்திரியாக ஒருநாளேனும் இருந்தார் என்று எவரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே இது அச்சுப் பிழையோ, அல்லது பத்திரிகாசிரியரின் அபிமானத்தால் நேர்ந்த மிகையோ என்று ஐயுறுவது இயல்பே. இரண்டும் அல்ல. அந்நாளில் சென்னையில் ராஜாஜியும், வங்காளத்தில் பஸ்லுல் ஹக்கும், பஞ்சாபில் சிக்கந்தர் ஹயாத் கானும் பிரதம மந்திரிகளே. டில்லியில்தான் அந்தப் பெயருடையவர் ஒருவரும் இல்லை. அங்கே வைசிராய் இருந்தார்.

ஒரே பெயர் முப்பது ஆண்டுகளுக்குள் மாகாணத்தை விட்டுத் தலைநகரம் போய்ச் சேர்ந்ததும், அதற்கு முன் இருநூறு ஆண்டுகளாகக் கடல் கடந்த நாடொன்றில் வசைச் சொல்லாக அலைந்து திரிந்ததும் சுவையான வரலாறு. நீதிபதி, கலெக்டர், கவர்னர் முதலிய பதவிகளையெல்லாம் எடுத்துக்கொண்டால், முதலில் சட்டம் பதவியைப் படைக்கிறது. படைத்த பதவிக்குப் பெயர் சூட்டுகிறது. பிறகுதான் அதில் ஆள் வந்து அமர்கிறார். பிரதம மந்திரியின் விஷயத்திலோ எல்லாம் தலைகீழாக நடந்திருக்கிறது. ஆள் முதலில் வந்தார். அதிகாரம் அவரைத் தேடி வந்தது. பெயரை விரோதிகள் சூட்டினார்கள். சட்டம் கடைசியில்தான் விழித்துக்கொண்டது.

அரசன் உள்ள நாட்டிலெல்லாம் அவனுக்கு ஆலோசனை சொல்கிறவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. திருக்குறள் அமைச்சு என்ற அதிகாரத்தில் தொடங்கி அமைச்சருக்குரிய இலக்கணங்களைப் பத்து அதிகாரங்களில் பேசுகிறது. பொருட்பாலில் அரசனுக்கு அடுத்தபடியாக வைத்துப் பேசப்படுகிறவன் அமைச்சனே. ஆனால் பல அமைச்சர்களுக்குள் ஒருவன் முதல்வனாகி, மற்றவர்களைத் தேர்ந்தெடுக்கவும் விலக்கவும் உரிமை பெற்று, நாளடைவில் அரசனையே திரைக்குப் பின்னால் நிறுத்திவிடுவது வேறு கதை. அந்தக் கதைக்கு நம் நாட்டிலேயே சிறந்த உதாரணம் பேஷ்வா. 1674-ல் முடிசூட்டிக்கொண்ட சிவாஜி எட்டு மந்திரிகள் கொண்ட அஷ்டப் பிரதான சபையை வைத்திருந்தார்; அவர்களுள் தலைமையானவருக்கு முக்கியப் பிரதான் என்றும் பேஷ்வா என்றும் பெயர். பேஷ்வா என்பது பாரசீகச் சொல். முன்னிற்பவர் என்று பொருள். 1713-ல் சாகு மகாராஜா பாலாஜி விசுவநாதரை அந்த ஸ்தானத்தில் நியமித்த பிறகு, பதவி தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கலாயிற்று. சதாராவில் சத்திரபதி அரண்மனையில் இருக்க, புனாவில் பேஷ்வா ராஜ்யத்தை நடத்தினார். நேபாளத்திலும் இதே கூத்து நடந்தது. 1846-ல் அதிகாரத்தைக் கைப்பற்றிய ஜங் பகதூர் ராணாவின் குடும்பத்தார், 1951 வரையில் பிரதம மந்திரிப் பதவியைத் தங்கள் பிதுரார்ஜிதச் சொத்தாகவே அனுபவித்து வந்தார்கள். மன்னர் பெயருக்கு மன்னராக இருந்தார்.

பேஷ்வாவும் ராணாவும் அரசனிடம் பெற்ற அதிகாரத்தை வாளாலும் வம்சத்தாலும் நிலைநிறுத்திக்கொண்டவர்கள். இன்று நாம் பிரதமர் என்று சொல்லும்போது மனத்தில் கொள்ளுவது இவர்களையல்ல. ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை ஒன்றில் பெரும்பான்மையோரின் நம்பிக்கை உள்ளவரையில் ஆளுகிறவராய், அந்த நம்பிக்கை போன மறுநாள் மூட்டை கட்டுகிறவராய் உள்ள ஒருவரையே அந்தச் சொல்லால் குறிக்கிறோம். அவர் பிறந்த இடம் இங்கிலாந்து.

1714-ல் ஜெர்மனியின் ஹனோவர் நாட்டிலிருந்து வந்து இங்கிலாந்தின் அரசரான முதலாம் ஜார்ஜுக்கு ஆங்கிலமும் அவ்வளவாக வராது, அந்நாட்டு அரசியலிலும் அவ்வளவாகப் பற்றில்லை. சில வருஷங்களுக்குள் அவர் மந்திரிகளின் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். தலைமை வகிக்க வேண்டிய அரசர் வராதபோது, கூடியிருக்கிற மந்திரிகளுள் ஒருவர் அந்த நாற்காலியின் பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்வது தவிர்க்க முடியாததாகிவிட்டது. 1721-ல் பொக்கிஷ இலாகாவின் முதற் பிரபு என்ற உத்தியோகத்தை ஏற்ற ராபர்ட் வால்போல், 1742 வரையில் அசையாமல் அதில் இருந்தார். காமன்ஸ் சபையில் பெரும்பான்மையைக் கையில் வைத்திருந்ததும், அரசரின் உத்தியோகங்களை யாருக்குக் கொடுப்பது என்பதில் அவர் வாக்கே செல்லுபடியானதும், வரவு செலவுக் கணக்கில் அவருக்கு இருந்த அபாரமான தேர்ச்சியும் சேர்ந்து அவரை மற்ற மந்திரிகளுக்கு மேலே தூக்கிவிட்டன. இன்றைக்கும் சரித்திராசிரியர்கள் பிரிட்டனின் முதற் பிரதம மந்திரி என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

வால்போலிடம் போய் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் கோபித்துக்கொண்டிருப்பார். பிரதம மந்திரி என்ற சொல்லுக்கு அந்நாளைய ஆங்கிலேயர் காதில் பிரெஞ்சு வாடை அடித்தது. ரிஷ்லியூ, மஸாரின் போன்ற பாதிரிமார் பிரெஞ்சு அரசர்களின் பெயரால் சர்வாதிகாரம் நடத்தியதை அவர்கள் மறக்கவில்லை. அரசருக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று இரு பக்கத்தையும் மறைக்கிறவன் என்பதுதான் அந்தச் சொல்லின் உட்பொருள். 1741 பிப்ரவரியில் வால்போலைப் பதவியிலிருந்து நீக்க வேண்டுமென்று இரு சபைகளிலும் தீர்மானம் கொண்டுவந்தவர்கள் அவர் மீது சாட்டிய பெருங் குற்றங்களுள் ஒன்று, அவர் பிரதம மந்திரியாக இருக்கிறார் என்பதே! அப்படி ஓர் உத்தியோகம் இந்நாட்டுச் சட்டத்துக்குத் தெரியாதது, அரசியலமைப்புக்கும் சுதந்திரத்துக்கும் விரோதமானது என்று பிரபுக்கள் சபையில் தோற்றவர்கள் ஆட்சேபப் பத்திரமே எழுதி வைத்தார்கள். வால்போலும் எழுந்து நின்று, தாம் பிரதம மந்திரி அல்ல என்று திட்டவட்டமாக மறுத்தார். தீர்மானம் தோற்றது. மறுவருஷம் காமன்ஸ் சபையில் பெரும்பான்மை நழுவியதும் அவர் தாமாகவே விலகினார். ஆதரவு போனால் பதவியும் போகும் என்ற பிற்காலச் சம்பிரதாயத்துக்கு அவருடைய விலகலே முதல் அடி என்பது என் அபிப்பிராயம். குற்றச்சாட்டை மறுத்த பேச்சைக் காட்டிலும் விலகிய செயலே அவர் யார் என்பதை நன்றாகக் காட்டியது.

இந்த மறுப்பு வால்போலோடு நிற்கவில்லை. 1770 முதல் 1782 வரையில் அரசாங்கத்தை நடத்தி, அமெரிக்கக் குடியேற்றங்களைப் பறிகொடுத்த நார்த் பிரபு, பிரிட்டிஷ் அரசியலமைப்பில் பிரதம மந்திரி என்று ஒன்றே கிடையாது என்று சொல்லித் தம் வீட்டாரைக்கூடத் தம்மை அப்படி அழைக்க விடமாட்டாராம். அமெரிக்காவை இழந்த பழியில் ஒரு பகுதியையாவது பிறர் தலையில் வைக்க இந்த மறுப்பு உதவியிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

லண்டனில் டௌனிங் தெரு 10-ஆம் எண் வீட்டின் கறுப்புக் கதவை உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் படமாகப் பார்க்கிறோம். அந்தக் கதவில் கடிதம் போடும் பித்தளைத் துவாரத்தின் மேல் பொறித்திருக்கும் எழுத்துக்களை உற்றுப் பார்த்தவர்கள் சிலரே. பிரதம மந்திரி என்று அங்கே இல்லை. பொக்கிஷத்தின் முதற் பிரபு என்றுதான் இருக்கிறது. இரண்டாம் ஜார்ஜ் அரசர் அந்த வீட்டை வால்போலுக்குச் சொந்தமாகக் கொடுக்க முன்வந்தபோது, தமக்கென்று வேண்டாம், பொக்கிஷத்தின் முதற் பிரபுவாக வருகிறவர்களுக்கெல்லாம் உரியதாகட்டும் என்று கேட்டுக்கொண்டு 1735-ல் அவர் அதில் குடிபுகுந்தார். ஆகவே சட்டப்படி அந்த வீட்டில் குடியிருக்கும் பாத்தியதை முதற் பிரபுவுக்கே தவிரப் பிரதம மந்திரிக்கு அல்ல. இரண்டும் வெவ்வேறு என்பது சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் வெறும் ஏட்டுச் சுரைக்காயாகவும் இருக்கவில்லை. சாலிஸ்பரி பிரபு பிரதம மந்திரியாக இருந்த காலத்தின் பெரும்பகுதியில் வெளிநாட்டு இலாகாவைத்தான் தம் கையில் வைத்திருந்தார். 1895 முதல் 1902 வரையில் பொக்கிஷத்தின் முதற் பிரபுவாக இருந்தவர் அவருடைய மருமகன் பால்பர். எனவே 10-ஆம் எண் வீட்டில் மருமகன் குடியிருக்க, நாட்டை ஆண்ட மாமன் வேறிடத்தில் இருந்தார்.

சட்டம் இந்தப் பெயரை எப்போது ஏற்றுக்கொண்டது? 1878-ல் பெர்லின் நகரத்தில் வல்லரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையில் டிஸ்ரேலி, பொக்கிஷத்தின் முதற் பிரபுவும் பிரதம மந்திரியும் என்று வர்ணிக்கப்பட்டார். அந்நிய அரசர்களுக்கு இவர் யாரென்று விளங்க வேண்டியிருந்ததல்லவா? 1905 டிசம்பரில் அரசர் ஏழாம் எட்வர்டு பிறப்பித்த ஆணை ஒன்று, அரசாங்க வைபவங்களில் யாருக்குப் பின் யார் நடப்பது என்ற வரிசையில் பிரதம மந்திரிக்கு யார்க் நகரத்துப் பேராயருக்கு அடுத்த இடத்தைக் கொடுத்தது. நம் ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் கட்டும் வரிசையில் ஒருவருக்கு இடம் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் அவர் ஊரில் பெரிய மனிதரா என்று எவரும் கேட்பதில்லை. அதுபோல அந்த வரிசை ஒன்றாலேயே பெயருக்கு அங்கீகாரம் வந்துவிட்டது. அந்த இடத்தை முதலில் அனுபவித்தவர் சர் ஹென்றி காம்பெல் பானர்மன். பார்லிமெண்டுச் சட்டத்தில் பெயர் ஏறியது 1917-ல். அதுவும் ஆட்சியைப் பற்றிய சட்டத்தில் அல்ல, பிரதம மந்திரிகள் ஓய்வுக்குப் போய்த் தங்க ஒரு தனவந்தர் தானமாகக் கொடுத்த செக்கர்ஸ் பண்ணை வீட்டைப் பற்றிய சட்டத்தில். சம்பளம் நிர்ணயித்தது 1937-ஆம் வருஷத்துச் சட்டம்: ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன். அதே சட்டம் எதிர்க்கட்சித் தலைவருக்கும் இரண்டாயிரம் பவுன் சம்பளம் வைத்தது என்பதை நம்மவர்கள் கவனிக்கத்தக்கது.

அந்த 1937-ஆம் வருஷந்தான் நம் சென்னைக்கும் பிரதம மந்திரி வந்த வருஷம்.

அதற்கு முன்னும் மந்திரிகள் இருந்தார்கள். 1919-ஆம் வருஷத்துச் சட்டம் இரட்டை ஆட்சி என்ற விசித்திரமான ஏற்பாட்டைக் கொண்டுவந்து, கல்வி, ஸ்தல ஸ்தாபனம், சுகாதாரம் போன்ற இலாகாக்களை ஜனப் பிரதிநிதிகளான மந்திரிகளிடமும், பணத்தையும் போலீசையும் கவர்னரின் நிர்வாக சபையினரிடமும் விட்டது. 1920-ஆம் வருஷத்துத் தேர்தலில் வெற்றி பெற்ற ஜஸ்டிஸ் கட்சியின் தலைவர் சர் பி. தியாகராய செட்டியாரைக் கவர்னர் வில்லிங்டன் பிரபு அழைக்க, அவர் பதவி வேண்டாமென்று மறுத்துவிடவே, சுப்பராயலு ரெட்டியாரும் பானகல் ராஜாவும் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவும் மந்திரிகளானார்கள். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி. உடல்நலக் குறைவால் சில மாதங்களில் அவர் விலக, பானகல் ராஜா அந்த ஸ்தானத்துக்கு வந்தார். பணப் பெட்டிச் சாவி கையில் இல்லாத முதல் மந்திரிகள் இவர்கள். இருந்தும் பானகல் ராஜாவின் காலத்தில் இந்து தேவஸ்தானச் சட்டம் போன்றவை நிறைவேறின என்றால், அது பதவியின் பலத்தால் அல்ல, அவருடைய சாமர்த்தியத்தால்.

1935-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சியை ஒழித்து, எல்லா இலாகாக்களையும் மந்திரிகளிடம் ஒப்படைத்தது. கவர்னர்களுக்கு விசேஷ அதிகாரங்களை மாத்திரம் பத்திரமாக வைத்துக்கொண்டது. 1937 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159-ஐக் காங்கிரஸ் பிடித்தது. ஆயினும் விசேஷ அதிகாரங்களை அன்றாட நிர்வாகத்தில் பிரயோகிப்பதில்லை என்று கவர்னர்கள் வாக்குறுதி தந்தாலொழியப் பதவி ஏற்பதில்லையென்று காங்கிரஸ் நின்றுகொண்டதால், ஏப்ரல் முதல் தேதி அன்று இடைக்கால மந்திரிசபை ஒன்று ஏற்பட்டது. அதன் தலைவர் நாம் முன்னே சந்தித்த கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு. ஆகவே சென்னையின் முதற் பிரதம மந்திரி யாரென்று வினாடி வினாவில் கேட்டால், ராஜாஜி என்று சொல்லுகிறவர் தோற்பார். ஜூலையில் காங்கிரஸ் சமாதானமாகி ராஜாஜி பதவியேற்றார். ஜனங்களைக் கேளாமல் இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டதை ஆட்சேபித்து 1939 அக்டோபரில் மற்ற காங்கிரஸ் மாகாணங்களைப் போலவே ராஜினாமாவும் செய்தார்.

அதே 1937-ல் தஞ்சை மாவட்டத்திலிருந்து புறப்பட்டுப் போன இன்னொரு தமிழர் நாட்டின் மறுகோடியில் பிரதம மந்திரியானார் என்பது பலருக்குத் தெரியாது. என். கோபாலசாமி ஐயங்கார் 1937 முதல் 1943 வரையில் காஷ்மீர் மகாராஜாவின் பிரதம மந்திரி. பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் காஷ்மீருக்கான 370-ஆவது ஷரத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. ஆனால் அவருடைய பெயரும் ராஜாஜியின் பெயரும் ஒன்றாயிருந்தாலும் பொருள் ஒன்றல்ல. ஒருவர் சட்டசபைப் பெரும்பான்மையின் பலத்தால் கவர்னரைத் தம் வழிக்குக் கொண்டுவரக் கூடியவர். மற்றவர் மகாராஜாவின் பிரியம் உள்ளவரையில் இருக்கக் கூடியவர். சுதேச சமஸ்தானங்களில் இத்தகையவர்களைத் திவான் என்று சொல்லுவதே வழக்கம். திருவாங்கூரில் சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாகவே இருந்தார். சில சமஸ்தானங்களில் திவான் என்ற பழைய பெயருக்குப் பதிலாகப் பிரதம மந்திரி என்ற புதுப் பெயரை வைத்துக்கொண்டார்களே ஒழிய, உள்ளே இருந்த உத்தியோகம் திவானுடையதே.

டில்லிக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது சுதந்திரத்தோடுதான். 1946 செப்டம்பர் 2-ஆம் தேதி இடைக்கால சர்க்காரில் ஜவாஹர்லால் நேரு பதவியேற்றபோது, சட்டத்தின் கண்ணில் அவர் வைசிராயின் நிர்வாக சபைக்கு உபதலைவர். தலைவர் வேவல் பிரபு. 1947 ஆகஸ்டு 15 அன்று நேரு பிரதம மந்திரியானார். அன்று முதல் இரண்டரை ஆண்டுகள் ஒரு வேடிக்கை நிலவியது: டில்லியில் ஒரு பிரதம மந்திரி, அவருக்குக் கீழே ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு பிரதம மந்திரி. சென்னையில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரும், அவருக்குப் பின் ராஜபாளையம் பி. எஸ். குமாரசுவாமி ராஜாவும் அந்தப் பெயரோடு ஆண்டார்கள். 1950 ஜனவரி 26-ஆம் தேதி அரசியல் சட்டம் அமலுக்கு வந்ததும், 74-ஆவது ஷரத்து யூனியனுக்குப் பிரதம மந்திரி என்றும், 163-ஆவது ஷரத்து ராஜ்யங்களுக்கு முதல் மந்திரி என்றும் வரையறுத்துவிட்டன. முந்திய இரவு பிரதம மந்திரியாகப் படுத்த குமாரசுவாமி ராஜா காலையில் முதல் மந்திரியாக எழுந்திருந்தார். அதிகாரத்தில் அணுவளவும் குறையவில்லை.

காஷ்மீரில் மாத்திரம் பழைய பெயர் தங்கிவிட்டது. ஷேக் அப்துல்லாவும், அவருக்குப் பின் பக்ஷி குலாம் முகமதும் பிரதம மந்திரி என்ற பெயராலேயே ஆண்டார்கள். 1965-ல் அந்த ராஜ்யத்தின் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, ஜி. எம். சாதிக் பதவியில் இருக்கும்போதே முதல் மந்திரியாக மாறினார். சதர்-இ-ரியாசத் என்று அழைக்கப்பட்ட ராஜ்யத் தலைவர் கவர்னரானார். சென்னையில் ஒருவரும் கவனியாமல் நடந்த அதே பெயர் மாற்றம் காஷ்மீரில் பெரிய அரசியல் விவாதமாயிற்று. பழைய பெயரை மீண்டும் கொண்டுவர வேண்டுமென்ற பேச்சு அங்கே பின்னாளிலும் எழுந்ததுண்டு. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

பெயர் நிச்சயமாயிற்று, பொருள் நிச்சயமாயிற்றா? பிரதம மந்திரி என்றால் மற்ற மந்திரிகளுக்கு எசமானரா, அல்லது சமமானவர்களுள் முதல்வர் மட்டுந்தானா? இந்தக் கேள்வி சுதந்திரம் வந்த நான்காம் மாதத்திலேயே டில்லியில் தலையெடுத்தது. 1947 டிசம்பரில் ஆஜ்மீரில் வகுப்புக் கலவரம் மூண்டபோது, பிரதம மந்திரி நேரு தம்முடைய காரியதரிசி எச். வி. ஆர். ஐயங்காரை அங்கே நிலைமையைப் பார்த்து வர அனுப்பினார். உள்நாட்டு இலாகா சர்தார் வல்லபபாய் படேலின் பொறுப்பு. தம் இலாகாவின் காரியத்தைப் பார்வையிடப் பிரதம மந்திரி தம் காரியதரிசியை அனுப்புவதாவது என்று சர்தாருக்கு வருத்தம். அற்ப விஷயமென்று தோன்றும். ஆனால் இருவரும் அதற்குள் இருந்த கொள்கையைக் கண்டுகொண்டார்கள். எல்லா இலாகாக்களையும் இணைத்து நடத்தும் பொறுப்பு பிரதம மந்திரிக்கு உண்டு, வேண்டியபோது வேண்டிய முறையில் தலையிடும் சுதந்திரம் இல்லாவிட்டால் அவர் வெறும் பொம்மை என்பது நேருவின் வாதம். அப்படியொரு மேலதிகாரத்தை ஒப்புக்கொண்டால் ஜனநாயகத்தில் பிரதம மந்திரி சர்வாதிகாரிக்கு ஒப்பாவார். அவர் சமமானவர்களுள் முதல்வரே, ஒவ்வொரு மந்திரியும் தம் இலாகாவுக்குத் தாமே பொறுப்பாளி என்பது படேலின் வாதம். 1948 ஜனவரியில் இருவரும் தத்தம் கட்சியை எழுத்தில் வடித்துக் காந்தியடிகளிடம் கொடுத்தார்கள். ஜனவரி 30-ஆம் தேதி மாலை காந்தியடிகள் பிரார்த்தனைக்குப் புறப்படச் சற்றுத் தாமதமானதற்குக் காரணம் சர்தாருடன் நடந்த சம்பாஷணை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அன்றே மறைந்தார். துக்கத்தில் இருவரும் ஒன்றுபட்டார்கள். வழக்கு தீர்ப்பின்றியே நின்றுவிட்டது.

பின்னால் வந்த வரலாறு நேருவின் வாதத்தையே ஜெயிக்க வைத்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். தனிக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த காலங்களில் பிரதமர் எசமானராகவும், பல கட்சிகள் சேர்ந்து ஆண்ட காலங்களில் சமமானவர்களுள் முதல்வராகவும், சில வேளைகளில் அதற்கும் சற்றுக் குறைவாகவும் இருந்திருக்கிறார். அரசியல் சட்டம் ஒரே சட்டந்தான். நியமனத்தைப் பற்றி 75-ஆவது ஷரத்து சொல்லுவதெல்லாம், பிரதம மந்திரியை ஜனாதிபதி நியமிப்பார், மற்ற மந்திரிகளைப் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி நியமிப்பார் என்பதே. பிரதமர் லோகசபையில்தான் இருக்க வேண்டுமென்று அது சொல்லவில்லை. 1966-ல் இந்திரா காந்தி ராஜ்யசபை அங்கத்தினராக இருந்தே பிரதமரானார். பதவியேற்கும்போது எந்தச் சபையிலும் இல்லாதவராகவும் இருக்கலாம். ஆறு மாதத்துக்குள் ஏதாவதொரு சபைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவே. 1996-ல் தேவ கவுடா அப்படித்தான் வந்தார்.

பத்திரிகைகள் தாராளமாக எழுதும் 'தற்காலிகப் பிரதமர்' என்ற சொல்லும் அரசியல் சட்டத்துக்குத் தெரியாது. 1964-ல் நேரு காலமானபோதும், 1966-ல் லால் பகதூர் சாஸ்திரி காலமானபோதும் குல்ஜாரிலால் நந்தா ஏறக்குறைய இரண்டு வாரங்கள் வீதம் அந்தப் பதவியை வகித்தார். கட்சி வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும் வரையில்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆயினும் அந்த நாட்களில் அவர் முழுப் பிரதம மந்திரியே. 1984 அக்டோபர் 31-ஆம் தேதி ஜனாதிபதி ஜெயில் சிங் அந்த முன்மாதிரியைப் பின்பற்றாமல், அன்று மாலையே நேராக ராஜீவ் காந்திக்குப் பிரமாணம் செய்வித்தார். 'காபந்து சர்க்கார்' என்பதும் அதே ஜாதிதான். 1979 ஜூலையில் பதவியேற்ற சரண்சிங், லோகசபையை ஒருநாளும் சந்திக்காமலே ஆகஸ்டில் ராஜினாமாச் செய்து, தேர்தல் முடிந்து 1980 ஜனவரியில் இந்திரா காந்தி வரும் வரையில் பிரதமராகவே இருந்தார். பெரிய கொள்கை முடிவுகளை எடுப்பதில்லை என்பது இக்காலங்களில் சம்பிரதாயமே தவிரச் சட்டத்தில் எழுதிய விதியல்ல.

பெயர் மாறாமலே பொருள் மெலிந்து போனதற்கு இலங்கை உதாரணம். 1947-ல் டி. எஸ். சேனாநாயக்கா அங்கே முதற் பிரதம மந்திரியானார். 1960-ல் சிறிமாவோ பண்டாரநாயக்கா அப்பதவியை ஏற்று உலகத்தின் முதற் பெண் பிரதமர் என்ற கீர்த்தியைப் பெற்றார். 1978-ஆம் வருஷத்து அரசியலமைப்பு அதிகாரத்தையெல்லாம் ஜனாதிபதியிடம் கொண்டு போய்க் கொட்டியதும், பிரதமர் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். சொல்லை இங்கிலாந்துக்குக் கொடுத்த பிரான்சிலோ, நெடுங்காலம் அரசாங்கத் தலைவருக்கு மந்திரிசபைத் தலைவர் என்றே உத்தியோகபூர்வமான பெயர். 1958-ஆம் வருஷத்து ஐந்தாம் குடியரசுதான் பிரதம மந்திரி என்ற பெயரைச் சட்டத்தில் ஏற்றியது. ஏற்றிய அதே கையால் ஜனாதிபதியை அவருக்கு மேலே உயர்த்தியும் வைத்தது.

இனி ஒரு கிளைக்கதை மிச்சமிருக்கிறது. பிரதமர் உண்டென்றால் துணைப் பிரதமரும் இருக்கலாமல்லவா? சர்தார் படேல் முதற்கொண்டு மொரார்ஜி தேசாய், சரண்சிங், ஜகஜீவன்ராம், ஒய். பி. சவான் என்று பலர் அப்பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். அரசியல் சட்டத்திலோ அப்படியொரு பதவி இல்லை. 1989 டிசம்பர் 2-ஆம் தேதி வி. பி. சிங்கின் மந்திரிசபை பதவியேற்றபோது இது சபை நடுவிலேயே வெளியாயிற்று. பிரமாணம் செய்வித்தவர் நம் ஆர். வெங்கட்ராமன், தேசத்தின் சட்டத்தை எழுத்தெண்ணிப் படித்தவர். அவர் 'மந்திரியாக' என்று சொல்லிக்கொடுக்க, தேவிலால் 'துணைப் பிரதம மந்திரியாக' என்று சொன்னார். ஜனாதிபதி திருத்தினார், ஹரியானாவின் அந்தக் கிழச் சிங்கம் தம் சொல்லையே திரும்பச் சொல்லிற்று. அந்தப் பிரமாணம் செல்லாது என்று ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். துணைப் பிரதம மந்திரி என்று சொல்லிக்கொண்டது வெறும் வர்ணனை. சட்டப்படி அவர் மற்றவர்களைப் போல் ஒரு மந்திரியே, பிரதம மந்திரியின் அதிகாரம் எதுவும் அவருக்கு இல்லை என்று அட்டர்னி ஜெனரல் கூற, கோர்ட்டார் அதை ஏற்று 1990-ல் பிரமாணம் செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள்.

ராஜ்யங்களின் துணை முதலமைச்சர்களுக்கும் இந்தத் தீர்ப்பின் நியாயம் பொருந்தும். தமிழ்நாட்டில் 2009-லும் 2024-லும் ஏற்கெனவே மந்திரிகளாக இருந்தவர்களுக்கு அப்பெயர் சூட்டப்பட்டபோது, அவர்கள் மறுபடியும் பிரமாணம் எடுத்துக்கொள்ளவில்லை. கவர்னர் மாளிகையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான்.